கணினி நீர்க்குளிர்விப்பு அமைப்புகளில் கால்வானிக் அரிமானமும் அதன் தடுப்பும்

கணினியின் மையச் செயலகம் வெளியிடும் வெப்பத்தை நீரால் அகற்றும் அமைப்பில், செயலகத்தின்மேல் அமரும் குளிர்தகடு பெரும்பாலும் செம்பால் ஆனது. வெப்பத்தைக் காற்றுக்கு விடும் ரேடியேட்டரோ, விலையும் எடையும் கருதிப் பல வேளைகளில் அலுமினியத்தால் அமைகிறது. இவ்விரு உலோகங்களும் ஒரே நீர்ச்சுற்றில் சேரும்போது எழும் அரிமானத்தையும் அதனைத் தடுக்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

செம்பின் திட்ட மின்முனை அழுத்தம் +0.34 வோல்ட், அலுமினியத்தினுடையது −1.66 வோல்ட். அலுமினியத்தின்மேல் இயல்பாகப் படியும் ஆக்சைடு ஏடு இவ்வேறுபாட்டை நடைமுறையில் பெரிதும் குறைக்கிறது. எனினும் எலக்ட்ரான்களை இழந்து கரைவது அலுமினியமே.

கால்வானிக் அரிமானத்துக்கு இரு உலோகங்களும் மின்தொடர்பு கொண்டிருக்க வேண்டும் என்பது பாடநூல் கூறும் நிபந்தனை. தகட்டையும் ரேடியேட்டரையும் ரப்பர்க் குழாய்களே இணைப்பதால் இடர் இல்லை எனக் கருதத் தோன்றும். ஆயின், கணினிப் பெட்டியின் உலோகச் சட்டகம் வழியே அத்தொடர்பு ஏற்படக்கூடும். அதனினும் நுட்பமான வழி ஒன்று உண்டு. செம்பிலிருந்து மிகச் சிறிதளவு கரையும் அயனிகள் நீரோடு சென்று அலுமினியப் பரப்பில் மீண்டும் செம்பாகப் படிகின்றன. படிந்த ஒவ்வொரு துகளும் தன்னைச் சூழ்ந்த அலுமினியத்தோடு சேர்ந்து ஒரு நுண்மின்கலமாகிறது. செம்புப் பரப்பு சிறிதாகவும் அலுமினியப் பரப்பு பெரிதாகவும் இருத்தல் நன்று என்னும் வாதம் இங்கு வலுவிழக்கிறது. அரிமானம் பரவலாக நிகழாமல் குழிகளாக ஆழ்ந்து, ரேடியேட்டரின் மெல்லிய சுவரைத் துளைக்கலாம். கசியும் நீர் மின்சுற்றுப் பலகையைப் பழுதாக்கும். கூழ்போலத் திரளும் அலுமினியம் ஹைட்ராக்சைடு தகட்டின் நுண்கால்வாய்களை அடைப்பதும் உண்டு.

காய்ச்சி வடித்த நீர் மின்சாரத்தை அரிதாகவே கடத்தும். ஆனால் காற்றின் கார்பன் டை ஆக்சைடும் கரையும் உலோக அயனிகளும் அத்தன்மையை நாளடைவில் மாற்றிவிடுகின்றன. ஆகவே அரிமானத் தடுப்பான்கள் தேவைப்படுகின்றன. பென்சோடிரையசோல் செம்பின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து அயனிகள் வெளியேறுவதைக் குறைக்கிறது. செம்பைக் காப்பதன் மூலம் அலுமினியத்தையும் காக்கிறது எனலாம். அலுமினியத்துக்கு சிலிக்கேட்டுகள் பயன்படுகின்றன. இத்தகைய தடுப்பான்கள் செலவழிந்துகொண்டே இருப்பவை. உடன் சேர்க்கப்படும் எத்திலீன் கிளைக்காலும் காலப்போக்கில் சிதைந்து அமிலங்களைத் தருகிறது. எனவே மோட்டார் வாகனங்களில் போலவே திரவத்தைக் குறித்த கால இடைவெளியில் மாற்றுதல் இன்றியமையாதது.

பாசியைத் தடுக்க நீர்ச்சுற்றில் வெள்ளிச் சுருள் இடுவது, ஒரு கேட்டை நீக்க மற்றொன்றை அழைப்பதாகலாம். வெள்ளியின் மின்முனை அழுத்தம் +0.80 வோல்ட்; தகடுகளில் பூசப்படும் நிக்கலினுடையது −0.25 வோல்ட்.

உறுதியான தடுப்பு, உலோகத் தேர்விலேயே உள்ளது. செம்பும் பித்தளையும் மின்முனை அழுத்தத்தில் நெருங்கியவை. தகடு, ரேடியேட்டர், இணைப்பிகள் அனைத்தும் இவ்விரண்டால் அமைந்தால் அரிமானம் மிகக் குறையும். வண்ணப்பூச்சுக்கு அடியில் அலுமினியம் இருக்கக்கூடுமாதலின், ஒவ்வோர் உறுப்பின் உலோகத்தையும் வாங்கும் முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.