கொத்தானா? முதலில் அது ஏறிய செடியைப் பாருங்கள்!

கோட்டக்குப்பம் தாண்டி மரக்காணம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் நீங்களே பார்க்கலாம். சவுக்குத் தோப்பு வேலியிலும் முந்திரிக் கிளையிலும் யாரோ பச்சையும் மஞ்சளுமாக நூல்கண்டைப் பிரித்துக் கொட்டியதுபோல ஒரு கொடி. இலையைத் தேடினால் கிடைக்காது. வேரும் கிடைக்காது. இதுதான் கொத்தான்.

'ஆகாசவல்லி' என்றும் சொல்வார்கள். ஆனால் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. விதை மண்ணில்தான் முளைக்கிறது. நூல்போல எழும்பி, பக்கத்தில் அகப்பட்ட செடியைச் சுற்றி, சின்னச் சின்ன உறிஞ்சிகளைத் தண்டுக்குள் இறக்கும். சாறு கிடைக்க ஆரம்பித்ததும் அடிவேர் காய்ந்துவிடும். உடம்பில் கொஞ்சம் பச்சையம் இருப்பதால் அரைவயிற்றுக்குத் தானே சமைத்துக்கொள்ளும். மிச்சம் அடுத்த வீட்டுச் சாப்பாடு! வேடிக்கை என்னவென்றால், நம் சமையலறை இலவங்கப்பட்டையும் இதுவும் ஒரே குடும்பம். மணல் மிஞ்சிய கரையில் அடும்பு, இராவணன் மீசை மேலும் படரும். (கடல் அரித்து, கல் கொட்டிய இடத்தில் அடும்புக்கே வழியில்லை. கொத்தான் எங்கே போகும்?)

"டாக்டர், முடி ரொம்பக் கொட்டுது. வேலியில கொத்தான் நிறையக் கிடக்கு, எண்ணெய் காய்ச்சலாமா?" என்று ஒரு அம்மா கேட்டார். கொத்தானை உலர்த்திப் பொடித்து நல்லெண்ணெயில் கலந்து தலைக்குத் தேய்ப்பது பழைய வழக்கம்தான்.

"எந்தச் செடி மேலம்மா ஏறியிருக்கு?"

"அரளி மேல."

"அப்ப தொடவே தொடாதீங்க!"

ஒட்டுண்ணிக்கு நல்லது கெட்டது பிரித்து எடுக்கத் தெரியாது. செடியின் சாற்றில் கரைந்திருப்பதும் கூடவே வந்துவிடும். கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஓ'ஷாக்நெசி, எட்டி மரத்தில் வளர்ந்த புல்லுருவியில் எட்டியின் நஞ்சே இருப்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டறிந்தார். 'எந்த மரத்துப் புல்லுருவி?' என்று கேட்டுவிட்டு எடுப்பதுதான் நம் வைத்தியர்களின் வழக்கமும். அரளி நஞ்சு இதயத் துடிப்பையே குலைத்துவிடும். எருக்கு, ஊமத்தை மேல் படர்ந்ததும் வேண்டாம்.

காமாலைக்கு, சர்க்கரைக்கு என்று யாராவது சொன்னால் கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள். எந்தச் செடியில் படர்ந்தாலும், கொத்தானுக்குள்ளேயே வேகமான ஆல்கலாய்டுகள் உண்டு. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பக்கத்திலேயே போகக் கூடாது.

பெயரிலும் ஒரு குழப்பம். தோசைக்கு அரைக்கும் முடக்கத்தானைச் சிலர் முடக்கொத்தான் என்பார்கள். அது வேறு, இது வேறு. முடக்கத்தானுக்கு இலை உண்டு, பலூன் மாதிரி காய் உண்டு. இலையில்லாத கொடியை யாராவது கீரை என்று கொடுத்தால் வாங்காதீர்கள்.

முந்திரி, சவுக்கு வைத்திருப்பவர்கள் காய் பிடிக்குமுன் இதை அகற்றிவிட வேண்டும். காயைப் பறவைகள் தின்று விதையைப் பரப்பிவிடும். கொடியை மட்டும் இழுத்துப் போட்டால் அறுந்த துண்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும். படர்ந்த கிளையோடு வெட்டி எரியுங்கள். அரளி மேல் படர்ந்ததை மட்டும் எரிக்காதீர்கள், அரளிப் புகையும் ஆகாது. கையில் உறை மாட்டிக்கொண்டு வெட்டி, ஆடு மாடு வாய் வைக்காத இடத்தில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.