காற்றைப் பார்த்துப் பலகை வாங்குங்கள்

மறிச்சுக்கட்டிக் கரையில் 1905இல் நடந்த முத்துக்குளிப்பில் தமிழரும் அரபு நாட்டவரும் ஒரே முத்துப் பாரில் இறங்கினார்கள். அரபுக்காரர் கொம்பில் செய்த கிடுக்கியை மூக்கில் மாட்டிக்கொண்டார்கள். நம்மவர்கள் விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டே கல்லோடு இறங்கினார்கள். ஒரே ஆழம்தான், ஆனால் அவரவருக்குக் கைவந்தது எதுவோ, அதுவே அவரவர் கருவி.

இன்று அதே மன்னார்க் கடலுக்கு ஒரு விளையாட்டு வந்திருக்கிறது. பெரிய பட்டத்தைக் காற்றில் ஏற்றி, அது இழுக்க இழுக்கப் பலகையில் நின்று நீரைக் கிழித்துப் போகும் கைட் சேர்ஃபிங். தலைமன்னார்ப் பக்கம் வெளிநாட்டவர் இதற்கென்றே வருகிறார்கள். நம் இளைஞர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. நல்ல ஆசை. ஆனால் பலகை வாங்கும்போது பலர் பார்ப்பது அதன் நிறத்தையும், காணொளியில் அந்தரத்தில் சுழல்பவர் வைத்திருக்கும் அதே பலகையா என்பதையும்தான்.

முதலில் பார்க்க வேண்டியது உங்கள் எடை. 75 கிலோ உள்ள, ஓரளவு பழகிய ஒருவருக்கு 138 சென்ரிமீற்றர் நீளமும் 41, 42 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட பலகை பொருந்தும். அதே எடையில் இப்போதுதான் பழகத் தொடங்குபவருக்கு 145க்கு மேல் வேண்டும். பெரிய பலகை மெல்லிய காற்றிலும் சீக்கிரம் மிதந்தெழும்; கரைக்குத் திரும்பவும் எளிது. பனிமலையில் இது தலைகீழ்: பழகுபவருக்கு நாடியளவு உயரமான குட்டைச் சறுக்குப் பலகை, தேறியவருக்கு நெற்றியைத் தொடும் நீளம். ஒஸ்லோவிலிருந்து வரும் மச்சானின் ஆலோசனையை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது வளைவு. பலகையைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். இரு முனைகளும் அதிகம் மேலெழுந்திருந்தால் அலைக்குத் தாங்கும். ஆனால் வேகம் குறையும். தட்டையாக இருந்தால் அமைதியான நீரில் பறக்கும், கொந்தளிப்பிலோ முழங்காலை அடிக்கும். கையால் அழுத்தினால் சற்று வளைந்துகொடுக்கும் பலகையே பழகுபவருக்கு நல்லது. விறைப்பானது உயரத் தாவுபவருக்கு.

மன்னாரில் வளைவைத் தீர்மானிப்பது காற்றுதான். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் தாழ்வுபாட்டுப் பக்கம் அலை புரளும். பேசாலைப் பக்கக் கரையோரம் தட்டையாகக் கிடக்கும். வடகிழக்கு வாடைக்கு இது மாறிவிடும். தட்டை நீரைக் கண்டு புதியவர்கள் ஏமாந்துவிடுகிறார்கள். அங்கே காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. பட்டம் கைவிட்டுப் போனால் ஆழ்கடல்தான். மீட்க ஒரு படகு கூட இல்லாமல் அங்கே இறங்கவே கூடாது.

பட்டத்துக்கும் இதே கணக்கு. மணிக்கு 30 கிலோமீற்றர் காற்றில் 12 சதுரமீற்றர் பட்டம் 75 கிலோக்காரரை இழுக்கும். காற்று 45ஐத் தொட்டால் 9 போதும்.

முதற்பலகையைப் புதிதாக வாங்காதீர்கள். ஒரு பருவம் பயிற்றுநரிடம் வாடகைக்கு எடுத்துப் பழகுங்கள். கரைவலை இழுக்கும் இடத்தில் பட்டத்தை ஏற்றாதீர்கள். இறங்குமுன் அங்குள்ள மீனவரிடம் காற்றையும் கற்பாறையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.