கேமரா வாங்குமுன் தொலைவை எண்ணிப் பாருங்கள்

வளைகுடாவிலிருந்து விடுப்பில் ஊர் திரும்பும் உறவினரிடம், "வரும்போது நல்ல கேமரா ஒன்று வாங்கி வாருங்கள்" என்று சொல்லியனுப்பும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. எது நல்ல கேமரா என்று அவர் திருப்பிக் கேட்டால் நம்மிடம் தெளிவான விடை இருப்பதில்லை. விலை கூடியது நல்லது, மெகாபிக்சல் மிகுந்தது நல்லது என்று எதையோ சொல்லி வைக்கிறோம். குடும்பப் படங்களைச் செல்பேசியே அழகாக எடுத்துத் தந்துவிடும் இக்காலத்தில், தனியாக ஒரு கேமரா எதற்கு என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் வினாவாகும். ஏரிக்கரையிலும் வயல்வெளியிலும் பறவைகளைப் படமெடுக்க விழைவோருக்கு அதன் தேவை மெய்யாகவே உண்டு. அத்தகையோர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றே. பறவைக்கும் தமக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்க வேண்டும் என்பதே அது.

இவ்வுண்மையை நான் ஒரு தவறு செய்தே கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், சிறுகச் சேர்த்த பணத்தில், பிறர் பயன்படுத்திய கேமரா ஒன்றையும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையும் வாங்கினேன். சித்திரை மாதத்து முற்பகல் ஒன்றில், எங்கள் ஊர்க் கண்மாயின் காய்ந்த கரையில் ஆள்காட்டிப் பறவை ஒன்று அடைகாத்துக் கொண்டிருந்தது. இப்பறவை மரத்தில் கூடு கட்டுவதில்லை. தரையில் சிறு பள்ளத்தில், கற்களுக்கிடையே, பெரும்பாலும் நான்கு முட்டைகளை இடும். என் லென்ஸில் அது சிறு புள்ளியாகவே தெரிந்தமையால் அடிமேல் அடி வைத்து நெருங்கினேன். பறவை எழுந்து, தலைக்கு மேலே வட்டமிட்டுக் கதறியது. சற்று நேரத்தில் திரும்பிவிடும் என்றெண்ணி அங்கேயே அமர்ந்து காத்திருந்தேன். கால் மணி நேரம் கழிந்தது. முட்டைகள் வெயிலில் கிடந்தன. நான் எழுந்து விலகத் தொடங்கிய வேளையில் காக்கை ஒன்று முந்திக்கொண்டது. நான்கு முட்டைகளில் ஒன்று போயிற்று.

உடன் வந்திருந்த மாணவன், "ஹஜ்ரத், நாம் வராமலிருந்தால் அது பிழைத்திருக்கும் அல்லவா?" என்று கேட்டான். என்னிடம் விடை இல்லை. கடும் வெயிலில் இப்பறவைகள் தம் வயிற்றிறகுகளை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கின்றன என்பதைப் பின்னரே படித்தறிந்தேன். நான் அமர்ந்திருந்த அந்தக் கால் மணி நேரம் எத்தகையது என்பது அப்போதுதான் விளங்கியது.

குற்றம் என் பொறுமையின்மையுடையது. எனினும் லென்ஸைப் பற்றிய என் அறியாமைக்கும் அதில் பங்குண்டு. லென்ஸின் மீது பொறித்துள்ள மில்லிமீட்டர் எண் அதன் குவியத் தொலைவைக் குறிக்கின்றது. அவ்வெண் எத்தனை மடங்கு பெருகுகின்றதோ, அதே இடத்திலிருந்து எடுக்கும் படத்தில் பறவையின் உருவமும் ஏறத்தாழ அத்தனை மடங்கு பெருகும். 50 மி.மீ. லென்ஸைக் கொண்டு 5 மீட்டர் தொலைவில் கிடைக்கும் உருவம், 300 மி.மீ. லென்ஸுக்கு 30 மீட்டர் தொலைவிலேயே கிடைத்துவிடும். மீதமுள்ள 25 மீட்டர், தாய்ப்பறவை முட்டையை விட்டு எழாமல் அமர்ந்திருப்பதற்கான இடமாகும்.

எனவே, பறவைகளை நாடுவோர் பணத்தின் பெரும்பகுதியை லென்ஸுக்கே ஒதுக்குதல் நன்று. 70 முதல் 300 மி.மீ. வரையிலான ஜூம் லென்ஸ் தொடக்கநிலையாளருக்குப் போதுமானது. 36க்கு 24 மி.மீ. என்னும் முழு அளவினும் சிறிய சென்ஸார் கொண்ட கேமராவில் அதே லென்ஸ் இன்னும் நெருக்கமான காட்சியைத் தரும். நிக்கான், சோனி நிறுவனங்களின் அவ்வகைக் கேமராக்களில் 300 மி.மீ. லென்ஸின் காட்சி 450 மி.மீ. லென்ஸின் காட்சியை ஒத்திருக்கும். கேனானில் 480ஐ ஒத்திருக்கும்.

மெகாபிக்சல் கணக்கில் மயங்க வேண்டியதில்லை. 10க்கு 8 அங்குலப் படத்தை அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட 72 லட்சம் புள்ளிகள் போதும். சில ஆண்டுகள் பழைய கேமராவே இதனினும் கூடுதலாகத் தரவல்லது. இப்போது வெளிவரும் புதிய கேமராக்களில் பெரும்பாலானவை உள்ளே கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் பலவற்றை ஓசையின்றி இயக்கலாம் என்பது பறவைகளுக்கு நன்மையே. அவ்வளவு செலவிட இயலாதோர், பிறர் பயன்படுத்திய எஸ்.எல்.ஆர். கேமராவையும் லென்ஸையும் குறைந்த விலைக்குத் தேடிப் பெறலாம். வாங்குமுன் லென்ஸினுள்ளே டார்ச் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். சிலந்தி வலைபோல் நூலிழைகள் தென்பட்டால் அது பூஞ்சை. அந்த லென்ஸை விட்டுவிடுங்கள். ஈரக்காற்று மிகுந்த கடற்கரை ஊர்களில் வாழ்வோர், காற்றுப் புகாத பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலங்களுடன் லென்ஸை வைத்துப் பேணுதல் அவசியம்.

லென்ஸில் நீளம் மட்டுமன்று, ஒளி புகும் துளையின் அளவும் கருதத்தக்கது. எஃப் 5.6 என்ற துளையைக் காட்டிலும் எஃப் 4 இரு மடங்கு ஒளியை உள்ளே விடும். விலையும் எடையும் அதற்கேற்பக் கூடும். நீண்ட லென்ஸில் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியுமாதலால், 300 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/300 விநாடியினும் விரைவாக இருப்பது நலம். பறக்கும் பறவைக்கு 1/1000 விநாடியோ அதனினும் விரைவோ வேண்டும். லென்ஸிலுள்ள அதிர்வுத் தடுப்பு நம் கையின் ஆட்டத்தை அடக்கும். பறவையின் அசைவை அடக்காது. சுபுஹுத் தொழுகை முடிந்து வெயில் ஏறும் வரையிலும், அஸருக்குப் பின் மாலை மங்கும் வரையிலும் ஒளி மென்மையாக விழும். சூரியனை முதுகுப்புறம் வைத்து நிற்பது விலையின்றிக் கிடைக்கும் துணைக்கருவியாகும்.

பயில்வதற்கு வேடந்தாங்கலை விடச் சிறந்த இடம் தமிழகத்தில் அரிது. நவம்பர் முதல் மார்ச் வரை நத்தை குத்தி நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் ஏரியினுள் நிற்கும் மரங்களில் குடியிருக்கும். மக்கள் கரைமீது நடந்தே காண்கின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த நீர் தம் வயலுக்கு உரமாவதை உணர்ந்த ஊரார், தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்து வந்துள்ளனர். விலகி நிற்பதன் பயனைக் கேமரா தோன்றுமுன்னரே அறிந்திருந்தவர்கள் அவர்கள்.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான மா. கிருஷ்ணன் (1912-1996), பல்வேறு பாகங்களைத் தாமே பொருத்தி அமைத்த கேமராவைக் கொண்டு, கறுப்பு வெள்ளையில் நம் நாட்டுக் கானுயிர்களைப் படமெடுத்துப் புகழ் பெற்றார். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று வருந்துவோர் அவரை நினைவிற் கொள்ளலாம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 300 மி.மீ. லென்ஸுடன் அதே கண்மாய்க்கு அதே மாணவனை அழைத்துச் சென்றேன். முப்பது மீட்டருக்கும் அப்பால் ஒரு கருவேல மரத்தடியில் அமர்ந்தோம். ஆள்காட்டி ஒருமுறை தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது, எழவில்லை. மூன்றே படங்கள் எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினோம். அவற்றுள் ஒன்று இன்று என் வகுப்பறைச் சுவரில் இருக்கின்றது. காண்போர் பலரும் எந்தக் கேமரா என்றே கேட்கின்றனர். அம்மாணவன் மட்டும், எவ்வளவு தொலைவிலிருந்து எடுத்தது என்பதைச் சொல்லிக் கொடுக்கின்றான்.