நோயாளியின் இரகசியமும் சட்டமும்

மருத்துவத்தின் உறுப்புகள் நான்கு என்பார் வள்ளுவர்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை நோக்குங்கால், இந்நான்கினோடு ஐந்தாமவர் ஒருவரும் சேர்ந்திருத்தல் புலனாகும். பரிசோதனைக்குப் பணம் செலுத்தும் நிருவாகத்தாரே அவர். இரும்பு உருக்காலைகளில் பணிபுரியத் திருவள்ளூர் மாவட்டச் சிற்றூர்களிலிருந்தும், பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். குருதி கொடுப்பவர் தொழிலாளி. கட்டணம் கொடுப்பவர் முதலாளி. அவ்வாறாயின் அறிக்கை யாருக்கு உரியது?

இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் இதற்கு விடை தருகின்றன. தொழிலின்வழி அறிந்த நோயாளியின் இரகசியத்தை மருத்துவர் வெளியிடலாகாது. விலக்குகள் மூன்றே: நீதிபதியின் ஆணை, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமுதாயத்திற்கோ நேரக்கூடிய கடும் ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். கட்டணம் செலுத்தியவர் என்னும் விலக்கு அங்கில்லை. அவ்விதிகளே பிறிதொன்றையும் கூறுகின்றன. நோயாளி கேட்பின், 72 மணி நேரத்திற்குள் அவருடைய மருத்துவக் குறிப்புகளை அவருக்கு வழங்க வேண்டும். பிறருக்கு மூடிய ஏடு, உரியவருக்குத் திறந்திருத்தல் வேண்டும் என்பது இதன் கருத்து. (வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதை நீதிமன்றமும் கேட்டறிய இயலாது, மருத்துவருக்கு அச்சலுகை இல்லை என்பதை மாணவர் நினைவிற் கொள்க.)

இரண்டாம் விலக்கின் தன்மையை, இவ்விதிகளுக்கு முன்னரே சென்னையில் எழுந்த வழக்கொன்று விளக்கும். 1995-இல் வடகிழக்கு மாநிலமொன்றின் அரசு மருத்துவர், நோயுற்ற ஒருவருக்குத் துணையாக இங்கு வந்து, அறுவை சிகிச்சைக்கெனக் குருதி கொடுத்தார். அக்குருதியில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிந்தது. செய்தி வெளிப்பட்டது, உறுதியாகியிருந்த திருமணம் நின்றது. சொந்த ஊரில் வாழ இயலாமல் அவர் சென்னைக்கே வந்து தங்கினார். அவர் தொடுத்த வழக்கில், 1998 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்தரங்க உரிமையை ஏற்றது; எனினும் அது வரம்பற்றதன்று என்றும், மணமகளின் உடல்நல உரிமையே மேலோங்கும் என்றும் தீர்ப்பளித்தது. திருமண உரிமை பற்றி அத்தீர்ப்பில் கூறப்பட்ட கருத்துகள் தேவையற்றவை என 2002-இல் அந்நீதிமன்றமே தெளிவுபடுத்தியது. மணமகள் அறிந்தது முறையெனவே கொள்வோம். ஊரார் அறிந்தது எந்த விலக்கின்கீழ்? அவ்வினா இன்றும் மனத்தை உறுத்துகின்றது.

2017 ஆகஸ்டு 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாக உரைத்தனர். அதே ஆண்டில் இயற்றப்பெற்று, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், வேலை தருவதற்கு முன்நிபந்தனையாக அச்சோதனையைக் கேட்பதைத் தடை செய்கின்றது.

இனித் தொழிற்சாலைக்கே உரிய செய்தி ஒன்று. ஈய நஞ்சேற்றம், நுரையீரலில் சிலிக்காத் தூசு படியும் சிலிக்கோசிஸ் முதலிய தொழில்நோய்களை மருத்துவர் கண்டால், அரசின் தொழிற்சாலை ஆய்வுத் துறைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்த இக்கடமையை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் தொடர்கின்றது. இதனை நம்பிக்கைக் கேடு என எண்ணுதல் தவறு. ஒருவருக்கு வந்த நோய், அவர் அருகில் நின்று உழைப்பவருக்கும் வரக்கூடியது. போபால் பேரழிவிற்குப் பின் 1987-இல் சேர்க்கப்பட்ட பிரிவொன்று, ஆபத்தான தொழில்களில் உடல்நலப் பதிவேடுகளை நிருவாகம் பேண வேண்டும் என்றும், அவை தொழிலாளி பார்க்கத் தக்கனவாக இருக்க வேண்டும் என்றும் பணித்தது. புதிய சட்டத்திலும் அது இடம்பெற்றுள்ளது.

இவ்வளவும் ஏட்டில் உள்ளன. ஒடியா மட்டுமே அறிந்த ஓர் இளைஞர் ஆங்கிலப் படிவத்தில் ஒப்பமிடுவதை எண்ணிப் பாருங்கள். எதற்கு இசைந்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. எச்.ஐ.வி. சட்டமோ, இசைவு என்பதற்கு இலக்கணம் கூறுமிடத்து, அவரவர்க்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்த பின் பெறுவதையே இசைவு என்கின்றது. அக்கம்பக்கத்தார்க்கு விண்ணப்பம் எழுதித் தரும் நம் மாணவர்கள், அறிக்கையின் படி கேட்டு ஒரு கடிதம் எழுதித் தரலாம். பெயர், பரிசோதனை நாள், கேட்கும் அறிக்கை ஆகிய மூன்றும் அதில் இருந்தாற் போதும். கொடுத்த நாளையும் நேரத்தையும் படியில் குறித்து வாங்கிக்கொள்ளுதல் வேண்டும். 72 மணி நேரம் அப்போதிருந்தே எண்ணப்படும்.