மோதிரத்தைக் கொடுத்த பையன்
(ஆடுகளத்தின் இளையவர்கள் – 7)

ரக்பி லீக் கிளப்புக்கு வரும் பதினேழு, பதினெட்டு வயதுப் பையனிடம் முதலில் பார்ப்பது உடம்பைத்தான். ஆட்டம் அப்படி. அணிக்கு 13 பேர். பந்து கையில் இருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் வரைதான் வாய்ப்பு. 80 நிமிடமும் ஆளோடு ஆள் மோதிக்கொண்டே இருக்க வேண்டும். 1983-ல் பிரிஸ்பேனில் பிறந்த ஜொனாதன் தர்ஸ்டன் ஒல்லி. சொந்த மாநிலமான குயின்ஸ்லாந்தில் எந்தப் பெரிய கிளப்பும் அவரைக் கையில் எடுக்கவில்லை. எடுத்தது சிட்னியின் கான்டர்பரி புல்டாக்ஸ்.

அவர் அறிமுகமான 2002, அந்தக் கிளப்புக்குக் கெட்ட ஆண்டு. வீரர்களுக்கான சம்பள உச்சவரம்பை மீறியது அம்பலமாகி 37 புள்ளிகள் பறிபோயின. முதலிடத்தில் இருந்த அணி கடைசிக்கு இறங்கியது.

தர்ஸ்டனின் இடம் ஹாஃப்பேக். எப்போது உதைப்பது, எந்தப் பக்கம் பந்தைத் திருப்புவது என்று களத்தில் முடிவெடுப்பவர் அவர்தான். அந்த வேலையை அங்கே பிரென்ட் ஷெர்வினும் பிரெய்த் அனாஸ்டாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஆண்டுகளில் தர்ஸ்டனுக்குக் கிடைத்தது 30-க்கும் குறைவான ஆட்டங்கள். காத்திருப்புதான் அவரைச் செதுக்கியது என்று எழுதுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இருபது வயது ஹாஃப்பேக்குக்கு வேண்டியது ஆட்ட நேரம். தவறான முடிவை எடுத்து, அடுத்த வாரமே திருத்திக்கொள்ளும் வாய்ப்பு. பெஞ்சில் உட்கார்ந்தால் அது வராது.

2004 இறுதி ஆட்டத்திலும் அவருக்கு இடம் கிடைத்தது இன்னொருவர் காயத்தால்தான். கேப்டன் ஸ்டீவ் பிரைஸ் முழங்கால் காயத்தால் விலக, மாற்று வீரர்களில் ஒருவராகத் தர்ஸ்டன் வந்தார். சிட்னி ரூஸ்டர்ஸை புல்டாக்ஸ் 16–13 என்று வென்றது. வென்றவர்களுக்குச் சாம்பியன் மோதிரம் உண்டு. தனக்குக் கிடைத்த மோதிரத்தைத் தர்ஸ்டன் பிரைஸிடமே கொடுத்துவிட்டார். பத்தாண்டு உழைத்த கிளப்பை விட்டு நியூசிலாந்துக்குப் புறப்படவிருந்த மனிதர் பிரைஸ். இளம் வீரர் ஒருவர் தன் முதல் கோப்பையை இவ்வளவு நேர்மையாக எடைபோட்டதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அன்று அவருக்கு வயது 21. இன்னொரு மோதிரம் கிடைக்கும் என்று யாரும் அவருக்கு உறுதி சொல்லியிருக்க முடியாது.

2005-ல் வடக்கே, டவுன்ஸ்வில் நகரின் நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ் அணிக்குப் போனார். பயிற்சியாளர் கிரஹாம் மரே ஆட்டத்தை அவர் கையில் ஒப்படைத்தார். அதன் பிறகு எல்லாம் வேகம். அதே ஆண்டு மே மாதம் மாநிலங்களுக்கிடையிலான ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரில் குயின்ஸ்லாந்துக்காக முதல் ஆட்டம். கடைசி நிமிடங்களில் அவர் உதைத்த ஃபீல்டு கோல் 20–20 என்று சமன்செய்தது. கூடுதல் நேரத்தில், கவ்பாய்ஸ் தோழர் மாட் போவன் எதிரணியின் பாஸை இடைமறித்து ஓடி வெற்றியை எடுத்தார். பருவ முடிவில், ஆண்டின் சிறந்த வீரருக்கான டாலி எம் பதக்கம் தர்ஸ்டனுக்கு. ஓராண்டு முன்பு அவர் மாற்று வீரர்!

கவ்பாய்ஸ் தன் வரலாற்றில் முதல்முறையாக இறுதி ஆட்டத்துக்கும் வந்தது. அங்கே வெஸ்ட்ஸ் டைகர்ஸிடம் 30–16 என்று தோற்றது. தர்ஸ்டன் அடுத்த சாம்பியன் மோதிரத்தைத் தொட 2015 வரை ஆயிற்று. கடைசி நொடியில் அவர் உதை கம்பத்தில் பட்டுத் திரும்பிய அந்த ஆட்டத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)