உங்கள் கைபேசியைக் காட்டுங்கள், ஊரைச் சொல்கிறேன்!

ஒரு காலத்தில் ஆளைத் தெரிந்துகொள்ள அவருடைய சட்டைப்பை ஒன்றே போதும். சீசன் டிக்கெட், ஊருக்குப் பணம் அனுப்பிய மணியார்டர் ரசீது, விபூதிப் பொட்டலம், நாலாக மடித்த இன்லண்டு லெட்டர், எல்லாம் அதற்குள் இருக்கும். இன்று அந்தப் பை காலி. அத்தனையும் கைபேசிக்குள் குடியேறிவிட்டன.

எனவே, புனேயில் நமக்குத் தெரிந்த தமிழன்பர்கள் சிலரிடம், "நீங்கள் அதிகம் திறக்கும் செயலி எது?" என்று கேட்டு வந்தோம். 'ஆப்' என்று எல்லோரும் சொல்கிறோமே, அதுதான். சிலர் வெட்கப்பட்டார்கள். ஒருவர் கைபேசியைக் கவிழ்த்தே வைத்துக்கொண்டார்!

போசரியில் லேத் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் திருநெல்வேலிக்காரர் முதலில் காட்டியது 'வேர் இஸ் மை டிரெயின்'. பெங்களூரைச் சேர்ந்த சிக்மாய்டு லேப்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கி, 2018-ல் கூகுள் வாங்கிய செயலி இது. வழியிலுள்ள செல்போன் கோபுரங்களைக் கொண்டே இருப்பிடத்தைக் கணிப்பதால், வண்டியில் போகிறவருக்கு இன்டர்நெட் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

ஆனால் நம் அன்பர் வண்டியில் போகிறவர் அல்ல. ஊருக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும், டிபன் டப்பாவைத் திறக்குமுன் இந்தச் செயலியைத் திறக்கிறார். முந்தின இரவு புனே வழியாகப் போன நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் குண்டக்கல்லைத் தாண்டிவிட்டதா என்று பார்க்கிறார்.

"எதற்கு அண்ணாச்சி?" என்று கேட்டோம்.

"சும்மாதான் சார். நம்ம வண்டி போகுதுல்லா?" என்றார்.

காலை 11 மணிக்குச் சற்று முன்பு, பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டுக் கைபேசியை முறைத்துப் பார்க்கிறாரா? சந்தேகமே வேண்டாம். இரண்டாம் வகுப்புப் படுக்கைக்குத் தட்கல் திறக்கும் நேரம் அது. வீட்டில் ஏதோ விசேஷம், அல்லது துக்கம். முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். நான்கு மாதம் முன்னதாகவே லீவு கணக்குப் போட்ட குமாஸ்தாக்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

கட்கியில் கணக்கெழுதும் அன்பர் ஒருவரின் கைபேசியில் எல்லாம் கச்சிதம். வருங்கால வைப்பு நிதி பாஸ்புக் பார்க்க 'உமங்', சான்றிதழ்களுக்கு 'டிஜிலாக்கர்', ஒரு தமிழ்க் காலண்டர். காலண்டரில் ஊர் 'சென்னை' என்று இருந்தது. புனேயில் சூரியன் சென்னையைவிட ஏறக்குறைய 25 நிமிடம் தாமதமாகத்தான் உதிக்கிறது. உதயத்தை வைத்துக் கணக்கிடும் ராகுகாலமும் அவ்வளவு தள்ளிப்போக வேண்டாமா? சொன்னபோது சிரித்தார்; ஆனால் ஊரை மாற்றவில்லை.

வானிலைச் செயலி இன்னும் சுவாரசியம். நாம் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அதில் சொந்த ஊரைத்தான் வைத்திருக்கிறார்கள். புனேயில் மழையா என்று அறிய ஜன்னலைத் திறந்தால் போதும். சங்கரன்கோவிலில் மழையா என்பதற்கு அல்லவா கைபேசி வேண்டும்!

கேம்ப் பகுதியில் பூ விற்கும் அக்காவுக்கு எழுத்து வாசனை கிடையாது. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு மட்டுமே போடுவார். மகள் அனுப்பிய குரல்களை ஒன்றுகூட அழிக்காமல் வைத்திருக்கிறார். யு.பி.ஐ. மட்டும் அத்துப்படி. "காசு வாங்க நம்பர் அழுத்தணும்னு எவனாவது சொன்னா அவன் திருடன்" என்றார். நூற்றுக்கு நூறு உண்மை. ரகசிய எண் பணம் கொடுக்கத்தான். வாங்க அது தேவையே இல்லை.

இதுவரை நாம் வேடிக்கையாகப் பார்த்தோம். ஆனால் நம் கைபேசியைப் படிக்கிறவர்கள் வேறு சிலரும் உண்டு. ஒருவரின் கைபேசியில் என்னென்ன செயலிகள் உள்ளன என்ற பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, அவர் என்ன மதம், என்ன மொழி பேசுகிறவர், வீட்டில் சிறு குழந்தை உண்டா என்பதையெல்லாம் பெரும்பாலும் சரியாக ஊகிக்கலாம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2014-லேயே காட்டினார்கள்.

பிம்ப்ரியில் மெஸ் ஒன்றில் சாப்பிடும் இளைஞர் ஒருவருக்கு இந்தப் பாடம் வேறு விதமாகக் கிடைத்தது. தங்கை கல்யாணத்துக்குக் கையில் ஐயாயிரம் குறைந்தது. விளம்பரத்தில் வந்த கடன் செயலி ஒன்றை இறக்கினார். அது தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டது. அவசரத்தில் சரி என்று அழுத்திவிட்டார். தவணை தவறிய மறுநாளே சூப்பர்வைசருக்கு அழைப்பு. அடுத்து, ஊரில் தங்கையின் மாமனாருக்கு! செயலியை அழித்தார், பயனில்லை. எண்கள் எல்லாம் முன்னமே போய்விட்டன. ஒரு மாதம் அவர் யாருடைய அழைப்பையும் எடுக்கவில்லை, தாயாருடையதையும் கூட.

இது சட்டப்படி நடந்ததே அல்ல. கடன் தரும் செயலி தொடர்பு எண்களையோ, அழைப்பு விவரங்களையோ, படங்களையோ தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதித்தது. அடையாளம் சரிபார்க்க மட்டும், நம் சம்மதத்துடன், கேமராவையும் இருப்பிடத்தையும் ஒருமுறை பயன்படுத்தலாம். அதன் மேற்பார்வையிலுள்ள நிறுவனங்களின் கடன் செயலிகள் எவை என்ற பட்டியலும் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. பணம் ஏமாந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லலாம்.

கைபேசியின் செட்டிங்ஸில் 'பர்மிஷன்' என்ற பகுதியைத் திறந்தால், எந்தச் செயலி எதைப் பார்க்கிறது என்று தெரியும். அந்த மெஸ் மேஜையில் நாங்கள் நாலு பேர் அன்று திறந்து பார்த்தோம். டார்ச் விளக்குச் செயலி ஒன்றுக்கு என்னுடைய தொடர்பு எண்கள் எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அனுமதியை ரத்து செய்தேன். விளக்கு எப்போதும் போல் எரிகிறது.

அந்த இளைஞர் இப்போது அழைப்புகளை எடுக்கிறார். அவர் கைபேசியின் முதல் வரிசையில் நாலே செயலிகள்தான் மிச்சம். நாலாவது வானிலை. ஊர் எது என்று நான் கேட்கவில்லை, திரையிலேயே தெரிந்தது.