அடைமொழியின் ஆற்றல்

பெயர்ச்சொல்லின் முன் நின்று, அப்பெயர் குறிக்கும் பொருளின் தன்மையை விளக்கும் சொல்லைப் பெயரடை என்று இக்காலத்தார் கூறுவர். 'சிறிய வீடு', 'இனிய கனி', 'நல்ல நூல்' என்னுமிடங்களில் சிறிய, இனிய, நல்ல என்பன பெயரடைகளாம். பழைய இலக்கண நூலார் இவற்றைக் குறிப்புப் பெயரெச்சம் என வழங்கினர். இவ்வரையறையைக் கூறிப் பாடம் தொடங்கினால் ஏழு வயதுக் குழந்தைக்கு விளங்குமோ? விளங்காது. பொருளை முதலிற் காட்டி, அதன் பின்னரே இலக்கணப் பெயரைக் கூறுதல் இளஞ்சிறார்க்கு ஏற்ற முறையாகும்.

ஆசிரியர் பெரியதும் சிறியதுமாக இரண்டு எலுமிச்சம்பழங்களை மேசைமேல் வைக்கிறார். ஒரு குழந்தையை அழைத்து, "பழத்தை எடுத்து வா" என்கிறார். குழந்தை மேசையருகே சென்று திகைத்து நின்று, "எந்தப் பழம், ஐயா?" என்று கேட்கிறது. அக்கேள்வியே பெயரடைக்கு வாயில். "பெரிய பழம்" என்று ஆசிரியர் சொன்னவுடன் குழந்தையின் ஐயம் நீங்கிவிடுகிறது. பின்னர்க் குழந்தைகள் கண்களை மூடிக்கொண்டு பஞ்சையும் கருங்கல்லையும் தொட்டுப் பார்க்கலாம், வெல்லத்தையும் புளியையும் சுவைக்கலாம், மல்லிகையை முகரலாம். மெல்லிய, கடிய, இனிய, புளித்த, மணமுள்ள என்னும் சொற்கள் அவர்தம் நாவில் தாமே வந்தமையும்.

சில அடைமொழிகள் பெயரோடு சேர்ந்து ஒரு சொல்லாகி விடுவதும் உண்டு. பெருமை என்பதும் ஊர் என்பதும் சேர்ந்து பேரூர் ஆகும். சிறுமையும் ஊரும் சேர்ந்து சிற்றூர் ஆகும். செம்மையும் தாமரையும் சேர்ந்து செந்தாமரை ஆகும். இவற்றைப் பண்புத்தொகை என்பர். இம்மாற்றங்களுக்குரிய விதிகளைப் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துள்ளார். தொடக்க வகுப்பினர் அவ்விதிகளைக் கற்க வேண்டுவதில்லை. சொற்களைக் கேட்டும் சொல்லியும் பழகுதலே போதும்.

அடைமொழி இருவகைப் பயன் உடையது. வெண்டாமரையும் உண்டாதலின், செந்தாமரை என்பதிலுள்ள அடை ஒன்றை அதன் இனத்தினின்றும் பிரித்துக் காட்டுகிறது. செஞ்ஞாயிறு என்பதிலோ, கருஞாயிறு என வேறொன்று இன்மையால், அடை பிரித்துக் காட்டாது தன்மையை மட்டும் உணர்த்துகிறது. முன்னையதை இனமுள்ள அடை என்றும், பின்னையதை இனமில்லா அடை என்றும் கூறுவர்.

பிரித்துக் காட்டும் ஆற்றல் பொருள்களுக்கு நன்மை தரும். மக்களுக்கோ சில வேளைகளில் தீங்கு தரும். இதனை நான் ஒரு சிறுவனிடம் கற்றேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறிய அவனை, நான் பலமுறை 'மந்தப் பையன்' என்று சினந்து கூறியதுண்டு. ஒருநாள் பெயரடைப் பாடத்தில், 'மாணவன்' என்னும் சொல்லுக்கு ஆளுக்கோர் அடை கூறுமாறு பணித்தேன். நல்ல மாணவன், உயரமான மாணவன் என்று பலரும் கூறினர். அவன் முறை வந்தபோது எழுந்து நின்று, தலைகுனிந்து, "மந்த மாணவன்" என்றான். வகுப்பு நகைத்தது, நான் நாணினேன். இலக்கணப்படி அவன் விடை பிழையன்று. பிழை என்னுடையது.

அன்று மாலை அவனை அருகழைத்து, "தம்பி, நான் உனக்குக் கொடுத்த அடை தவறானது; இனி நீ முயலும் மாணவன்" என்றேன். 'முயலும்' என்பது வினையிற் பிறந்த பெயரெச்சம். முயன்ற, முயல்கின்ற, முயலும் எனக் காலத்திற்கேற்ப அது வடிவு மாறும். மந்தம் என்னும் சொல்லில் அவனுக்கு நாளை என்பதே இல்லை. முயலும் என்னும் சொல்லில் நாளை இருக்கிறது. அதன்பின் நாள்தோறும் அவனை அருகிருத்திப் படிப்பித்தேன். அவ்வாண்டு முடிவதற்குள் அவன் தடையின்றிப் படிக்கலானான்.

மாணவர்களே! பழத்திற்கும் பூவிற்கும் அடைமொழி தேடி மகிழுங்கள். உடன் பயிலும் தோழனுக்கு ஓர் அடைமொழி சூட்டுமுன் சற்றே எண்ணிப் பாருங்கள். அடைமொழி பெயரின் முன்னே நிற்பது. ஆளைக் காணுமுன் அதுவே பிறர் செவிக்கு எட்டிவிடும்.